பந்தா சிங் பகதூர்: கூண்டுக்கு முந்தைய ஏழு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகலாயப் பேரரசை எதிர்த்த சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைக்கு நன்றி. தமிழில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் கொலைக்களக் காட்சிதான். பழுக்கக் காய்ச்சிய இடுக்கி, இரும்புக் கூண்டு, மடியில் குழந்தை என்று அவர் எப்படிச் செத்தார் என்பது விலாவாரியாக இருக்கிறது. அவரைப் பிடிக்க ஒரு பேரரசு ஏன் இத்தனை ஆண்டு அல்லாடியது, கடைசியில் எப்படிப் பிடித்தது என்பதற்கு நாலு வரிகூட இல்லை. அந்த நாலு வரியிலும் சில பிழைகள். அவற்றைச் சொல்லிவிட்டு, விட்டுப்போனதையும் எழுதுகிறேன்.

முதலில் பெயர். கட்டுரை முழுக்க 'பாண்டா' என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வரும் கோளாறு இது. 'பந்தா' என்பதே சரி. பாரசீகத்தில் அடிமை, ஊழியன் என்று பொருள். குருவின் பந்தா என்று தன்னை அவர் சொல்லிக்கொண்டது அந்தப் பொருளில்தான். நம் ஊரில் 'பந்தா காட்டுகிறான்' என்பதற்கு நேர் எதிரான சொல்.

அடுத்து, அவர் கொல்லப்பட்ட தேதி. கட்டுரை 1716 ஜூன் 9 என்கிறது, பெட்டிச் செய்தி ஜூன் 20 என்கிறது. இரண்டும் ஒரே நாள். அன்று ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். இன்றைய கணக்குக்கு வர 11 நாள் கூட்ட வேண்டும். வரலாற்று நூல்களில் பெரும்பாலும் பழைய கணக்கே வரும் என்பதால் நானும் அதையே பின்பற்றுகிறேன். ஆங்கிலேயருக்கு அன்று மார்ச் 25இல்தான் புத்தாண்டு என்பது இன்னொரு சிக்கல். 1716 மார்ச்சில் எழுதிய கடிதத்தைச் சிலர் 1715 என்று குறிப்பதற்கு அதுதான் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1670 அக்டோபர் 27இல் ரஜௌரியில் பிறந்த லச்மன் தேவ், வைராகித் துறவியாகி மாதோ தாஸ் என்ற பெயரில் கோதாவரிக் கரையில், நாந்தேட்டில் மடம் வைத்திருந்தவர். 1708 செப்டம்பரில் சீக்கியர்களின் குரு கோபிந்த் சிங் அங்கே அவரைச் சந்தித்தார். அடுத்த மாதமே குரு மறைந்துவிட்டார். பந்தா சிங் வடக்கே கிளம்பியபோது கையில் என்ன இருந்தது என்று சீக்கிய மரபு துல்லியமாகச் சொல்கிறது: குருவின் அம்பறாத்தூணியிலிருந்து ஐந்து அம்பு, ஒரு கொடி, ஒரு முரசு, ஆலோசனைக்கு ஐந்து பேர், துணைக்கு இருபது பேர், பஞ்சாப் சீக்கியர்களுக்கு எழுதிய ஆணைக் கடிதங்கள். பட்டியலில் பணமும் இல்லை, படையும் இல்லை. இவற்றில் உண்மையில் வேலை செய்தவை அந்தக் கடிதங்கள்தான். கர்க்கோடா பக்கம் செஹ்ரி, கண்டா ஆகிய கிராமங்களில் தங்கி, அங்கிருந்து ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஆள் சேர்ந்தது. கைத்தல் பக்கம் அரசாங்கக் கஜானா ஒன்று வழியில் மாட்டியது. கிடைத்ததையெல்லாம் வந்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார். கூலி கொடுக்க முடியாத படைத்தலைவன் முதலில் செய்ய வேண்டிய காரியம் அது.

கட்டுரையில் 'நேராகச் சிர்ஹிந்தின் மீது பாய்ந்தார்' என்று இருக்கிறது. குருவின் இளைய பிள்ளைகள் கொல்லப்பட்ட ஊர் அது. ஆனால் நேராகப் பாயவே இல்லை. 1709 நவம்பர் 26இல் சமானா விழுந்தது. சிர்ஹிந்து விழுந்தது 1710 மே 14இல். நடுவில் ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் குராம், தஸ்கா, ஷாஹாபாத், கபூரி, சாதௌரா என்று சிர்ஹிந்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இருந்த சிறு ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொரு ஊரும் குதிரையும் ஆயுதமும் தானியமும் கொடுத்தது. சிவாலிக் அடிவாரத்தில் முக்லிஸ்கட் என்ற பழைய கோட்டையைப் பிடித்து, செப்பனிட்டு, லோஹ்கட், அதாவது இரும்புக் கோட்டை என்று பெயர் மாற்றினார். இன்றைய ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் வருகிறது. சமவெளியில் தோற்றால் ஒதுங்க மலையடிவாரத்தில் ஒரு இடம். சிர்ஹிந்தைத் தொடும் முன்பே பின்வாங்கும் வழியைத் தயார் செய்துவிட்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இன்னொரு காத்திருப்பும் இருந்தது. பஞ்சாபின் மால்வா பகுதிச் சீக்கியர்கள் அவர் பக்கத்திலேயே இருந்தார்கள். மாஜா, தோவாபா பகுதிச் சீக்கியர்களோ சட்லெஜ் நதிக்கு அப்பால். இரண்டு கூட்டமும் சேர்ந்துவிட்டால் ஆபத்து என்பது சிர்ஹிந்தின் ஃபௌஜ்தார், அதாவது முகலாய ராணுவ ஆட்சியாளர், வசீர் கானுக்கு நன்றாகவே தெரியும். மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கானை அனுப்பி, ரோபரில் அவர்களை மறிக்கப் பார்த்தார். மறிப்பு உடைந்தது. அதன் பிறகுதான் பந்தா சிங் சிர்ஹிந்தை நோக்கி நகர்ந்தார். இந்த ஷேர் முகமது கான்தான், குருவின் இளைய பிள்ளைகள் இருவரைச் சிர்ஹிந்தில் உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டியபோது, குழந்தைகளைக் கொல்வது முறையல்ல என்று வசீர் கானின் சபையிலேயே எழுந்து சொன்னவர் என்று சீக்கியர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அவரே வசீர் கானுக்காகப் போரிட்டுச் செத்தார். பாளையம், ஜாகிர் (சேவைக்கு ஈடான நில வருமானம்), கடமை என்று ஓடிய அந்தக் காலத்து அரசியலை இந்து, முஸ்லிம் என்று இரண்டே கட்டத்தில் அடைக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு ஆளே போதும்.

1710 மே 12, சப்பர் சிரி. வசீர் கானிடம் பீரங்கி, யானை, துப்பாக்கிப் படை மூன்றும் இருந்தன. சீக்கியரிடம் பீரங்கியும் இல்லை, யானையும் இல்லை. எல்லோருக்கும் குதிரைகூட இல்லை. தலைக்கணக்கு நூலுக்கு நூல் மாறுகிறது, ஆகவே கட்டுரையில் இருக்கும் 'லட்சம் பேர்' என்பதை எடுத்துவிடலாம். முதல் பீரங்கிச் சுற்றிலேயே சீக்கிய வரிசை ஆட்டம் கண்டது. காரணம், படையில் இருந்த மூன்று விதமான ஆட்கள். குருவின் பெயருக்காக வந்தவர்கள் ஒரு கூட்டம். சில்லறைத் தலைவர்கள் கூலிக்கு அனுப்பியவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது, கொள்ளையில் பங்கு கிடைக்கும் என்று ஒட்டிக்கொண்டவர்கள். குண்டு விழுந்ததும் மூன்றாவது கூட்டம் முதலில் ஓடியது. வசீர் கானின் திவான் சுச்சானந்தின் உறவினன் ஒருவன், கட்சி மாறியதுபோல் வந்து சேர்ந்தவன், தன் ஆட்களோடு கழன்றுகொண்டதும் குழப்பம் கூடியது. பின்னால் ஒரு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பந்தா சிங் அப்போதுதான் முன்வரிசைக்கு வந்தார். செய்தது எளிய காரியம்: இடைவெளியைக் குறைத்தார். இரண்டு படையும் கலந்துவிட்டால் சொந்த ஆளைக் கொல்லாமல் பீரங்கி சுட முடியாது. அதற்கு மேல் வாளும் ஈட்டியும்தான். வசீர் கான் களத்திலேயே விழுந்தார். இரண்டு நாளில் சிர்ஹிந்து.

தில்லிக்கும் லாகூருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கும் ஊர் சிர்ஹிந்து. அது கைமாறியதும் பேரரசின் இரண்டு பெரிய நகரங்களுக்கு இடையே சாலை அறுந்தது. பாஜ் சிங் அங்கே ஆளுநர், ஆலி சிங் துணை. சமானாவுக்கு ஃபதே சிங். தானேசருக்கு பினோத் சிங்கும் ராம் சிங்கும். சமானாவிலும் சிர்ஹிந்திலும் நடந்த கொலையும் சூறையும் கொஞ்சநஞ்சமல்ல. பழிக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் செத்தார்கள். கட்டுரை இதை 'நீதி வழங்கினார்' என்று ஒரு சொல்லில் கடக்கிறது. அது நேர்மையில்லை. இதற்கு மறுபக்கமும் முகலாய ஆவணத்திலேயே இருக்கிறது. 1711 ஏப்ரல் 28 தேதியிட்ட அரசவைச் செய்தியறிக்கை, முஸ்லிம்களைத் துன்புறுத்தமாட்டேன் என்று பந்தா சிங் உறுதி சொல்லியிருப்பதாகவும், தன்னிடம் வரும் முஸ்லிம்களுக்கு நாட்படியும் சம்பளமும் தருவதாகவும், தொழுகைக்கும் குத்பாவுக்கும் (தொழுகைப் பிரசங்கம்) அனுமதித்திருப்பதாகவும், அதனால் 5,000 பேர் அவரிடம் சேர்ந்திருப்பதாகவும் சொல்கிறது. எதிரியின் ஒற்றன் எழுதிய வரி என்பதால் இதற்கு எடை அதிகம்.

'ஜமீன்தாரி முறையை ஒழித்தார்' என்ற வரியையும் இப்படிப் பட்டென்று போட முடியாது. சட்டம் போட்டு ஒழிக்கும் அளவுக்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சிர்ஹிந்து அவர் கையில் ஓராண்டுகூட முழுசாக இல்லை. நடந்தது இதுதான்: வரி வசூலித்துக்கொண்டிருந்த முகலாய அதிகாரிகளும் பெரிய நிலக்காரர்களும் ஓடிப்போனார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள், ஏர் பிடித்தவர்களே நிலத்தைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள், பந்தா சிங்கின் ஆட்கள் அதை அங்கீகரித்தார்கள். அவருடைய படையே உழுகுடிகளும் கைவினைஞர்களும் அடித்தட்டுச் சாதியினரும்தானே.

இனி, கட்டுரை தொடவே தொடாத ஒன்று: அவருடைய முத்திரை. அதில் பாரசீகத்தில் இரண்டு வரி. 'தேக் ஓ தேக் ஓ ஃபதே ஓ நுஸ்ரத்-இ-பேதிரங், யாஃப்த் அஸ் நானக் குரு கோபிந்த் சிங்.' தமிழில் எழுதும்போது முதல் இரண்டு சொல்லும் ஒன்றுபோலத் தெரிவதால் விளக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மெல்லொலியாகத் தொடங்கும் 'தேக்' (deg); சோறு ஆக்கும் அண்டா. மற்றது வல்லொலியாகத் தொடங்கும் 'தேக்' (tegh), வாள். அண்டாவும் வாளும் வெற்றியும் தாமதமில்லாத துணையும் நானக்கிடமிருந்தும் குரு கோபிந்த் சிங்கிடமிருந்தும் பெற்றவை என்பது பொருள். வாளுக்கு முன்னால் அண்டா வருகிறது. ஒரு படைத்தலைவனின் முத்திரையில் அது எத்தனை பேருக்குத் தோன்றும்? அவருடைய காசிலும் இப்படித்தான், குருமார்களின் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. இதே முத்திரை வரிகள்தான் பின்னால் மிசல்கள் என்ற சீக்கியப் படைக்குழுக்களின் காசிலும், ரஞ்சித் சிங் காலத்து நானக்ஷாஹி காசிலும் வந்தன.

அந்த முத்திரையோடு ஜௌன்பூர் சீக்கியர்களுக்குப் போன ஆணைக் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. கால்சாவின், அதாவது குரு அமைத்த சீக்கியச் சமூகத்தின், ஒழுக்கத்தோடு இருங்கள், ஆயுதம் தரியுங்கள், பாங் (கஞ்சா), புகையிலை, அபினி, மது வேண்டாம், திருட்டும் பிறன்மனையும் வேண்டாம் என்கிறது. தேதி மார்கழி ஒட்டிய போஹ் மாதம் 12, 'சம்வத் 1'. நம் கணக்கில் 1710 டிசம்பர் 12. இந்தத் தேதியைச் சுற்றி நடந்ததையும் வைத்துப் பார்க்க வேண்டும். தக்காணத்திலிருந்து திரும்பிய முகலாயப் பேரரசர் பகதூர் ஷா, தில்லிக்குள்கூட நுழையாமல் நேராகப் பஞ்சாப் நோக்கி வந்து, நவம்பர் இறுதியில் லோஹ்கட்டை வளைத்துவிட்டார். கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. புளிய மரத்தைக் குடைந்து செய்த பீரங்கி ஒன்றில் மருந்து நிரப்பி வெடித்துவிட்டு, அந்தச் சந்தடியில் சீக்கியர்கள் இருட்டில் வெளியேறினார்கள் என்று முகலாயர் பக்கத்துக் குறிப்பே சொல்கிறது. குலாப் சிங் என்பவர் பந்தா சிங்கின் உடையைப் போட்டுக்கொண்டு அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். காலையில் கோட்டைக்குள் போன தளபதிகளுக்கு மாட்டியது அவர்தான். பந்தா சிங்குக்காகச் செய்துவைத்த இரும்புக் கூண்டில், அவரைத் தப்பவிட்ட கோபத்தில், பக்கத்து மலை நாடான நாஹனின் அரசரைப் போட்டு அனுப்பினார் பாதுஷா. டிசம்பர் 10இல், நானக்கை வணங்குகிறவர்களை எங்கே கண்டாலும் கொல்லலாம் என்று ஆணை. இதற்குச் சில மாதம் முன்பே, அரசு வேலையில் இருக்கும் இந்துக்கள் தாடியை மழித்துவிட வேண்டும் என்று இன்னொன்று. யார் சீக்கியர் என்று முகத்தில் தெரிய வேண்டுமாம். கொலை ஆணை வந்த இரண்டாம் நாள், கோட்டையை இழந்து மலையில் ஒளிந்திருக்கும் ஒருவர் தன் கடிதத்தில் 'ஆண்டு 1' என்று தேதி போடுகிறார்.

1712 பிப்ரவரியில் பகதூர் ஷா லாகூரில் இறந்தார். வாரிசுச் சண்டை மூண்ட இடைவெளியில் சாதௌராவும் லோஹ்கட்டும் திரும்பக் கிடைத்தன. 1713இல் ஃபரூக்சியர் அரியணை ஏறியதும் மறுபடி போயின. அதை விரிக்க இங்கே இடமில்லை. 1715 வசந்தத்தில் மலையிலிருந்து இறங்கி கலானௌர், பட்டாலா பக்கம் வந்தார். லாகூர் ஆளுநர் அப்துஸ் சமத் கான் பெரும்படையோடு துரத்தினார். குர்தாஸ்பூருக்கு அருகே குர்தாஸ் நங்கல் கிராமத்தில் ஒரு சுற்றுச்சுவர் வளாகத்துக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. எட்டு மாத முற்றுகை அங்கேதான் நடந்தது.

கட்டுரை இதைக் 'கோட்டை' என்கிறது. சொல்லப்போனால் அது ஒரு பெரிய வீட்டு வளாகம். பீரங்கி தாங்கும் சுவரும் இல்லை, அகழியும் இல்லை. அகழியைச் சீக்கியர்களே உண்டாக்கினார்கள். பக்கத்தில் ஓடிய பாதுஷாகி வாய்க்காலையும், மலையிலிருந்து வரும் ஓடைகளையும் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் சுற்றிலும் பரவிச் சேறாகி நின்றது. குதிரை அதில் இறங்காது, ஆள் இறங்கினால் முழங்கால் வரை புதையும், பீரங்கி வண்டியின் சக்கரம் அச்சுவரை போய்விடும். நேரடித் தாக்குதலுக்கு வழியே இல்லாமல் போனது. முகலாய முகாமிலேயே இருந்த முகமது காசிம் எழுதுகிறார்: தினம் இரண்டு மூன்று தடவை நாற்பது ஐம்பது பேர் கால்நடைக்குப் புல் சேகரிக்க வெளியே வருவார்கள், மறித்தால் அம்பு, துப்பாக்கி, குறுவாள் கொண்டு அடித்துவிட்டு மறைந்துவிடுவார்கள், இந்த மனிதர் தப்பி ஓடித் தொலைந்தால் போதும் என்று தளபதிகள் இறைவனை வேண்டிக்கொண்டார்களாம்.

ஆனால் எதிரியை உள்ளே விடாத சேறு தானியத்தையும் உள்ளே விடவில்லை. அப்துஸ் சமத் கான் அதைப் புரிந்துகொண்டு, தாக்குவதை விட்டுவிட்டுச் சுற்றிலும் மண்சுவர் எழுப்பி, பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டார். முதலில் இருப்புத் தானியம் தீர்ந்தது. சுவருக்கு மேலாக முற்றுகைச் சிப்பாய்களிடமே பேரம் பேசிக் கொஞ்சம் வாங்கினார்கள். பிறகு எருது, குதிரை என்று அடித்தார்கள். விறகு இல்லாததால் பச்சையாகவே தின்றார்கள். வயிற்றுக்கடுப்பு வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பட்டினியைவிட அதுதான் அதிகம் கொன்றிருக்க வேண்டும். புல் தீர்ந்து இலை, இலை தீர்ந்து மரப்பட்டை. பட்டையையும் குச்சியையும் காயவைத்து இடித்து மாவுபோல் ஆக்கிக்கொண்டார்கள். விலங்கின் எலும்பையும் அப்படியே.

உள்ளே பிளவும் வந்தது. வெட்டிக்கொண்டு வெளியேறிவிடலாம் என்பது மூத்தவர் பினோத் சிங்கின் கட்சி. பந்தா சிங் ஒப்பவில்லை. வாக்குவாதம் முற்றி, பினோத் சிங் தன் ஆட்களோடு முற்றுகையைப் பிளந்துகொண்டு போய்விட்டார். போர்க்கணக்கில் பார்த்தால் பினோத் சிங் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. லோஹ்கட்டில் பிழைத்ததே அப்படி வெளியேறியதால்தான். ஆனால் லோஹ்கட்டுக்குப் பின்னால் மலை இருந்தது, குர்தாஸ் நங்கலைச் சுற்றிச் சமவெளி. இந்தப் பிளவு சாவோடு முடியவில்லை. வாழ்த்துச் சொல்லாக 'ஃபதே தர்ஷன்' என்று பந்தா சிங் புகுத்தியது போன்ற விஷயங்களில் அவரைப் பின்பற்றிய பந்தாயிகளும் அவற்றை ஏற்காத தத் கால்சாவினரும் மோதிக்கொண்டே இருந்தார்கள். 1721இல் அமிர்தசரசில் பாய் மணி சிங் தலையிட்டபோதுதான் ஓய்ந்தது.

1715 டிசம்பர் 7இல் வளாகம் விழுந்தது. எதிர்த்து நிற்கத் தெம்புள்ளவர் யாரும் மிச்சமில்லை. தங்கக்காசை விழுங்கியிருப்பார்கள் என்று வதந்தி கிளம்பி, கொன்றவர்களின் வயிற்றைக் கிழித்துத் தேடினார்கள். உள்ளே கைப்பற்றிய பொருள் பட்டியல் இருக்கிறது: 1,000 வாள், 278 கேடயம், 173 வில், 180 துப்பாக்கி, 114 குத்துவாள், 217 நீளக்கத்தி, கொஞ்சம் தங்க நகை, 23 பொன் மொஹர், 600க்குச் சற்று மேற்பட்ட ரூபாய். பீரங்கி ஒன்றுகூட இல்லை. இத்தனை ஆண்டு தில்லியைத் தூங்கவிடாத படையின் கடைசி இருப்பு இவ்வளவுதான்.

பிடிபட்டவர்கள் ஊர்வலத்துக்குப் போதாது என்று, ஆளுநரின் மகன் ஜக்கரியா கான் வழியெங்கும் கிராமங்களில் சீக்கியர்களைப் பிடித்துச் சேர்த்தார். 1716 பிப்ரவரி 27இல் தில்லிக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ 740 கைதிகள். மார்ச் 5 முதல் நாளுக்கு 100 பேராகத் தலை வெட்டப்பட்டது. வரிச்சலுகை கேட்டு அப்போது தில்லியில் காத்துக்கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதர்கள் ஜான் சர்மனும் எட்வர்ட் ஸ்டீபன்சனும் மார்ச் 10இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில் கைதிகள் 780 என்றும், கம்பத்தில் குத்திய தலைகள் சுமார் 2,000 என்றும் குறிக்கிறார்கள். விதியை அவர்கள் ஏற்கும் பொறுமை வியப்புக்குரியது, இதுவரை ஒருவர்கூட மதத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் அதில் இருக்கிறது. கட்டுரை இதை 'ஆங்கிலேயர் கண்ணீர் விட்டனர்' என்று மாற்றியிருக்கிறது. கடிதத்தில் கண்ணீர் இல்லை. வியாபாரிகளின் செய்திக் குறிப்பு அது. பந்தா சிங்கை உடனே கொல்லாமல் வைத்திருப்பது அவருடைய செல்வம் எங்கே இருக்கிறது, உதவியவர்கள் யார் என்று கறக்கத்தான் என்பதும் அதே கடிதத்திலேயே வருகிறது. மூன்று மாத இடைவெளிக்கு அதுதான் காரணம்.

கடைசியாக, படத்துக்குக் கீழே 'தில்லியில் உள்ள நினைவுத் தூண்' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது தில்லி கிடையாது. மொகாலியை ஒட்டிய சப்பர் சிரியில், அந்தப் போர்க்களத்தில் 2011இல் திறந்த ஃபதே புர்ஜ்; உயரம் 328 அடி. பந்தா சிங்கும் நான்கு வயது மகன் அஜய் சிங்கும் கொல்லப்பட்ட இடம் மெஹ்ரௌலியில், குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்கா பக்கம். அங்கே தூண் இல்லை, குருத்வாரா இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்